தண்ணீர் லாரியின் தொட்டி எங்கே உடைகிறது?

பரமக்குடி ஆற்றங்கரை ஊர்தான். ஆனால் ஆண்டில் பெரும்பகுதி வைகையில் மணலைத்தான் பார்க்க முடியும். தெற்கே முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, சாயல்குடி என்று போகப் போக நிலத்தடி நீர் வாயில் வைக்க முடியாத உப்பு. 2009இல் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் மாவட்டத்துக்கு வந்தது. அதற்கு முன்பே நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. இத்தனை இருந்தும் கோடை பிறந்தால், குழாய்க்கும் வீட்டுக் குடத்துக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பல ஊர்களில் டேங்கர் லாரியும் டிராக்டர் டேங்கரும்தான் கடந்து கொடுக்கின்றன. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போகும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு, ஒரு டேங்கர் ஊருக்குள் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்த டேங்கரின் தொட்டியை எப்படிக் கட்டுகிறார்கள், எப்படிக் கட்ட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. கடன் வாங்கித் தண்ணீர் வண்டி ஓட்ட நினைக்கும் இளைஞர், ஊராட்சிக்கு டேங்கர் வாங்கப் பொறுப்பேற்றவர், தோப்புக்குத் தண்ணீர் கொண்டுபோக டிராக்டர் டேங்கர் செய்யச் சொல்லும் விவசாயி, இவர்கள் எல்லாரும் பட்டறைக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை எம்.எம். தகடு போடுவீங்க?" என்பதுதான். அந்தக் கேள்வி தேவைதான். ஆனால் தொட்டி கெட்டுப்போவது பெரும்பாலும் தகட்டின் நடுவில் அல்ல. தகடும் தகடும் சேரும் இடத்தில், தொட்டி வண்டிமேல் உட்காரும் இடத்தில், தண்ணீர் அலை மோதும் இடத்தில்தான் அது கெடுகிறது.

முதலில் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 12,000 லிட்டர் என்றால் 12 டன். 1.8 மீட்டர் விட்டமும் ஏறக்குறைய 4.7 மீட்டர் நீளமும் உள்ள உருளைக்குள் இந்த 12,000 லிட்டர் அடங்கும். அந்த உருளையைச் சுற்றி வளைக்க, இரு முனைகளை மூட, உள்ளே இரண்டு தடுப்புகள் வைக்க என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து சுமார் 36 சதுர மீட்டர் தகடு வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. 4 மில்லிமீட்டர் என்றால் 31.4 கிலோ. ஆகத் தகடு மட்டும் ஒரு டன்னுக்கு மேல் வரும். அடியில் தாங்குசட்டம், ஏணி, மேலே நடக்கும் பலகை, குழாய், வால்வு எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை டன். ஆறு சக்கர லாரியின் சேஸிஸும் கேபினும் சுமார் ஐந்து டன் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் பதினெட்டரை டன்.

2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது, இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. நம் கணக்கு அந்த வரம்பைச் சரியாகத் தொட்டு நிற்கிறது. எனவே ஆறு சக்கர வண்டியில் "பதினஞ்சாயிரம் லிட்டர் போட்டுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால், பிரேக்கையும் டயரையும் அச்சையும் அளவுக்கு மீறிச் சோதிக்கிறார் என்று பொருள். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் எடைதான் உங்கள் எல்லை. அதிலிருந்து காலி வண்டியின் எடையையும் தொட்டியின் எடையையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் லிட்டர். தொட்டிக்கு அளவு சொல்லும் முன்பு வண்டியை ஒருமுறை எடைமேடையில் ஏற்றிவிடுங்கள்.

அடுத்து வடிவம். சதுரப் பெட்டியாகத் தொட்டி செய்வது எளிது. தகட்டை வளைக்க மெஷின் வேண்டாம், வெட்டி ஒட்டினால் போதும். அதனால்தான் சிறு டிராக்டர் தொட்டிகள் பல பெட்டி வடிவில் இருக்கின்றன. ஆனால் தண்ணீர் எல்லாப் பக்கமும் தள்ளும். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் பக்கச் சுவரின் அடிப்பகுதி ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒன்றரை டன் தள்ளலைத் தாங்க வேண்டும். தட்டையான தகடு அந்தத் தள்ளலுக்கு வெளியே பிதுங்கும். தண்ணீர் இறங்கியதும் உள்ளே வரும். நிரப்பும்போதும் காலி செய்யும்போதும் இப்படி மூச்சுவிடுகிற தகடு மூலையில் இருக்கும் வெல்டிங்கைத் திரும்பத் திரும்ப மடக்குகிறது. கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் ஒடிவதைப் போல, சில நூறு நடைகளில் மூலையில் முடி அளவு விரிசல் விழுகிறது. பெட்டித் தொட்டிதான் வேண்டும் என்றால் பக்கங்களில் ஆங்கிளோ சேனலோ வைத்து விறைப்பாக்க வேண்டும். மூலையைக் கூராக விடாமல் வளைத்து, இணைப்பை மூலையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

உருளையில் இந்தத் தொல்லை இல்லை. தண்ணீரின் தள்ளல் சுற்றிலும் பரவி, தகட்டை அவ்வளவாக மடக்காமல் பெரும்பாலும் இழுக்க மட்டும் செய்கிறது. எவ்வளவு இழுக்கிறது? 1.8 மீட்டர் விட்டமுள்ள தொட்டி நிறைந்திருக்கும்போது, அடியில் தண்ணீர் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.18 கிலோ. 4 மில்லிமீட்டர் தகட்டில் அதனால் வரும் இழுவிசை சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 40 கிலோ. ஐ.எஸ். 2062 தரத்தில் பட்டறைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் இரும்புத் தகடோ 2,500 கிலோ வரை நீளாமல் தாங்கும். அதாவது நின்றுகொண்டிருக்கும் தொட்டியில் தகடு தன் பலத்தில் அறுபதில் ஒரு பங்கைத்தான் செலவிடுகிறது. 3 மில்லிமீட்டர் போட்டாலும் தண்ணீர் அதைக் கிழிக்காது.

அப்படியானால் எதற்கு 4, 5 மில்லிமீட்டர்? துரு தின்னக் கொஞ்சம் கொடுக்க வேண்டும், குண்டும் குழியுமான சாலையில் அடிபடத் தாங்க வேண்டும், வெல்டிங் சூட்டில் தகடு நெளியாமல் இருக்க வேண்டும். இவைதான் காரணங்கள். கனமான தகடு போட்டு மோசமாக இணைத்த தொட்டியைவிட, அளவான தகடு போட்டுச் சரியாக இணைத்த தொட்டி பல ஆண்டு அதிகம் உழைக்கும். அதோடு, கூடுதலாகப் போடும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஏறக்குறைய 280 கிலோ. அத்தனை லிட்டர் தண்ணீரை ஒவ்வொரு நடையிலும் இழக்கிறீர்கள்.

உருளையைக் கொஞ்சம் அமுக்கியதுபோல் நீள்வட்டமாகச் செய்வதும் உண்டு. எடையின் மையம் கீழே இறங்கும். வளைவில் வண்டி சாயும் வாய்ப்பு குறையும். பெட்ரோல், டீசல் டேங்கர்கள் பல அந்த வடிவில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இனி இணைப்புக்கு வருவோம். இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தகட்டை அளவெடுத்து, கேஸ் கட்டிங்கில் வெட்டி, மூன்று உருளைகள் கொண்ட ரோலிங் மெஷினில் விட்டு வளைக்கிறார்கள். வளைத்த தகடுகளை ஒன்றுக்கொன்று நேர் பிடித்து, அங்கங்கே சிறு பொட்டு வெல்டிங்கால் டாக் அடித்து நிறுத்துகிறார்கள். இந்த நிலையிலேயே பாதித் தலைவிதி முடிவாகிவிடும். 4 மில்லிமீட்டர் தகடு என்றால் இரண்டு விளிம்புகளுக்கும் நடுவில் சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். நெருக்கி ஒட்டிவிட்டால் வெல்டிங் ராடு உருகி மேலே படியும், அடிவரை இறங்காது. வெளியே பார்த்தால் அழகான மடிப்பு மடிப்பான வெல்டிங். உள்ளே தகட்டின் பாதிக் கனம் ஒட்டாமல் கிடக்கும். அந்த ஒட்டாத பிளவு பிறவி விரிசல்.

சரியான முறை இது. வெளிப்பக்கம் ஒரு ஓட்டம் வெல்டிங் போட்டதும், தொட்டிக்குள் இறங்கி, அதே இணைப்பின் உள்பக்கத்தைக் கிரைண்டரால் பளபளவென்று நல்ல உலோகம் தெரியும்வரை தோண்ட வேண்டும். கருப்புக் கோடு ஒன்று தெரிந்துகொண்டே இருந்தால் இன்னும் ஒட்டாத இடம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோடு மறையும்வரை தோண்டி, பிறகு உள்ளிருந்து இன்னொரு ஓட்டம் போட வேண்டும். இந்த உள்வேலை புழுக்கமானது, சிரமமானது, நேரம் பிடிப்பது. விலை குறைத்துக் கேட்டால் முதலில் காணாமல் போவது இதுதான். ஆகவே கொட்டேஷன் கேட்கும்போதே "உள்ளேயும் வெல்டிங் உண்டா, உள்பக்கம் கிரைண்ட் பண்ணிட்டுத்தான் போடுவீங்களா?" என்று கேளுங்கள். வேலை நடக்கும்போது ஒருநாள் போய் மேன்ஹோல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள்.

ராடு பற்றியும் ஒரு வார்த்தை. பட்டறைகளில் பத்தாம் நம்பர் என்று சொல்லப்படும் 3.15 மில்லிமீட்டர் ராடுதான் இந்தக் கனத்துக்குப் பொதுவாகப் போடுவது. 6013 ராடு எளிதாகப் பிடிக்கும். தாங்குசட்டம் போன்ற கனமான இடங்களுக்கு 7018 நல்லது. ஆனால் அது ஈரத்தைக் குடிக்கும். கடலோர மாவட்டத்தில் பாக்கெட்டைப் பிரித்து மூலையில் போட்டுவைத்த ராடு சில நாளில் நமத்துவிடும். நமத்த ராடு வெல்டிங்கில் ஊசித்துளைகளை விடும், கனத்த இடத்தில் விரிசலையும் விடும். 7018 ராடைச் சுமார் 300 டிகிரி சூட்டில் உலர்த்தி, சூடு ஆறாமல் எடுத்துப் போட வேண்டும். சி.ஓ.2 வெல்டிங் வேகமானது, சீரானது. ஆனால் ஆடிக் காற்று அடிக்கும்போது திறந்தவெளியில் அதைப் போட்டால், உருகிய உலோகத்தைக் காக்க வேண்டிய வாயுவைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். மறைப்புக் கட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் அன்றைக்கு ராடு வெல்டிங்தான்.

இணைப்புகள் எங்கே வருகின்றன என்பதும் முக்கியம். நீளவாட்டு இணைப்பை அடியில் வைக்கக் கூடாது. வண்டலும் துருவும் தங்குவது அங்கேதான். மேல்பக்கம் வைக்க வேண்டும். ஒரு வளையத்தின் நீள இணைப்பும் அடுத்த வளையத்தின் நீள இணைப்பும் ஒரே கோட்டில் வந்து, நான்கு மூலைகள் ஒரு புள்ளியில் சந்திக்கக் கூடாது. செங்கல் கட்டுகிற கொத்தனாருக்கே தெரிந்த விதி இது. நான்கு வெல்டிங் சேரும் புள்ளியில் சூட்டின் இறுக்கமும் நான்கு பக்கமிருந்து சேர்ந்துவிடும்.

வெல்டிங்கின் இயல்பைக் காட்ட உலகம் நினைவில் வைத்திருக்கும் சம்பவம் ஒன்று உண்டு. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், புதிதாகக் கட்டிய எஸ்.எஸ். செனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல், அலையில்லாத துறையில் நின்றுகொண்டிருந்தபோதே நடுவில் பிளந்தது. அந்தக் காலத்தில் ஆணி அடித்து இணைத்த கப்பல்களுக்குப் பதிலாக வெல்டிங் கப்பல்கள் வேகவேகமாகக் கட்டப்பட்டன. ஆணி அடித்த கப்பலில் ஒரு தகட்டில் விரிசல் விட்டால் அந்தத் தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். வெல்டிங் போட்ட கப்பலோ முழுவதும் ஒரே தகடு. விரிசல் நிற்க இடமே இல்லை. குளிரில் நொறுங்கும் தன்மை அந்தக் கால எஃகுக்கு இருந்தது என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்ஸ்டன்ஸ் டிப்பர் ஆராய்ந்து காட்டினார். அதே போர்க்காலத்தில் கட்டிய லிபர்ட்டி சரக்குக் கப்பல்கள் சிலவற்றில், சதுரமாக வெட்டிய திறப்பின் மூலையிலிருந்து விரிசல் கிளம்பியது. பரமக்குடி வெயிலில் எஃகு குளிரால் நொறுங்கப் போவதில்லை. ஆனால் சதுர மூலை எங்கே இருந்தாலும் சதுர மூலைதான். மேன்ஹோல் ஏன் வட்டமாக இருக்கிறது, தடுப்புத் தகட்டின் துளைகளை ஏன் வட்டமாக வெட்ட வேண்டும் என்பதற்கு இதுதான் பதில்.

தடுப்புத் தகடு என்றேனே, அதைப் பார்ப்போம். பட்டறையில் பாஃபிள் என்பார்கள். நெல் மூட்டையையும் செங்கல்லையும்போல் தண்ணீர் ஏற்றின இடத்தில் கிடக்காது. நிறைகுடம் தளும்பாது என்பது தண்ணீர் லாரிக்கு அப்படியே பொருந்தும் உண்மை. முழுதும் நிறைந்த தொட்டியில் தண்ணீருக்கு நகர இடமில்லை. பாதி நிறைந்த தொட்டிதான் ஆபத்து. டிரைவர் பிரேக் போட்டதும் ஆறு டன் தண்ணீரும் முன்னால் பாய்ந்து முன்சுவரில் மோதும், ஏறும், திரும்பிப் பின்சுவருக்கு ஓடும், மறுபடி முன்னால் வரும். வண்டி நின்ற பிறகும் தண்ணீர் நிற்காது; நின்ற வண்டியை ஓரடி முன்னே தள்ளிவிடும். பள்ளிக்கூட வாசலில் அந்த ஓரடி என்னவெல்லாம் செய்துவிடும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

12,000 லிட்டர் தொட்டிக்கு உள்ளே குறுக்காக இரண்டு பாஃபிள் வைத்தால், அலை ஓடும் தூரம் மூன்றில் ஒன்றாகிவிடும். அது முழுச் சுவராக இருக்கத் தேவையில்லை. நடுவில் ஓர் ஆள் நுழையும் அளவு வட்டம் வேண்டும், கழுவவும் பெயின்ட் அடிக்கவும். அடியில் தண்ணீர் முழுவதும் வடிய வழி வேண்டும், மேலே காற்று போக வழி வேண்டும். பாஃபிளைத் தட்டையாக வைக்காமல் கொஞ்சம் குழித்து வைத்தால் விறைப்பு கூடும். பாஃபிளைத் தொட்டிச் சுவரில் அங்கங்கே மட்டும் ஒட்டுகிற வழக்கம் உண்டு. நல்ல தண்ணீருக்கு அது ஓடும். உப்புத் தண்ணீருக்கு ஒட்டாத சந்துகளில் துரு குடியேறும். நம் பக்கத்துக்குச் சுற்றிலும் முழுதாகப் போடுவதே சரி. ஒன்றை மறக்கக் கூடாது: குறுக்குப் பாஃபிள் முன்பின் அலையைத்தான் தடுக்கும். வளைவில் பக்கவாட்டில் சாயும் தண்ணீரை அது தடுக்காது. அதற்கு மருந்து டிரைவரின் வேகம்தான். பால் டேங்கர்களில் உள்ளே கழுவச் சுலபமாக இருக்க வேண்டும் என்று பல நேரம் பாஃபிள் வைப்பதே இல்லை. அந்த டிரைவர்கள் வண்டியை எவ்வளவு பதமாக நிறுத்துகிறார்கள் என்பதைக் கவனித்தால் காரணம் புரியும்.

தொட்டி தயார். இனி அது வண்டிமேல் உட்கார வேண்டும். லாரியின் சேஸிஸ் விறைப்பான பொருள் இல்லை. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அது முறுக்கிக்கொள்ளும். முறுக்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். உருளைத் தொட்டியோ முறுக்கத்துக்கு மசியாது. இந்த இரண்டையும் நேரடியாகச் சேர்த்து வெல்டிங் வைத்தால் ஒன்று மற்றொன்றைக் கிழிக்கும். எனவே தொட்டிக்கு அடியில் நீள வாக்கில் தனிச் சட்டம் வைத்து, சேஸிஸுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ரப்பரோ மரக்கட்டையோ கொடுத்து, யு போல்ட்டால் இறுக்க வேண்டும். கேபினை ஒட்டிய முன்பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த பிடிப்பு இருந்தால் முறுக்கத்தை அது வாங்கிக்கொள்ளும். சேஸிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடக் கூடாது, வெல்டிங் வைக்கக் கூடாது. எந்த லாரிக் கம்பெனியின் பாடி கட்டும் விதிமுறையைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்லும்.

தொட்டியைத் தாங்கும் வளைந்த சேடில் இருக்கிறதே, அதன் இரு கொம்பு முனைகள்தான் பெரும்பாலான தொட்டிகளில் முதலில் விரிசல் விடும் இடம். சேடிலைத் தொட்டித் தகட்டில் நேராக ஒட்டாமல், நடுவில் ஒரு பட்டைத் தகட்டை அகலமாக வைத்து, அதன் மூலைகளை வட்டமாக்கி ஒட்டினால் பாரம் பரவும். பழைய டேங்கர் வாங்குகிறவர்கள் பெயின்டைப் பார்க்காமல் குனிந்து இந்த இடத்தைப் பாருங்கள். ஒட்டுமேல் ஒட்டு போட்ட தடம் தெரிந்தால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

தொட்டியைவிட இணைப்பு முக்கியம் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று கிடைத்தது. 2025 ஜனவரி 3 அதிகாலை, கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் திரும்பும்போது 18 டன் சமையல் எரிவாயுவோடு வந்த லாரியின் புல்லட் தொட்டி, முன்வண்டியிலிருந்து கழன்று சாலையில் விழுந்தது. சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். தீயணைப்புத் துறையினர் கசிவு பரவாமல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். பிறகு கிரேன்களால் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். எரிவாயுத் தொட்டி மிகக் கடுமையான விதிகளின்படி செய்யப்படுவது. அது வெடிக்காமல் தாங்கியது. விட்டுப்போனது வண்டியோடு இருந்த இணைப்பு.

நம் காலத்து லாரிகளில் என்ஜினையும் புகையையும் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டிகள் இருக்கின்றன. வண்டிமேல் தொட்டியை வைத்த பிறகு ஏதாவது வெல்டிங் வைக்க வேண்டியிருந்தால், முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். வெல்டிங் எர்த்தை ஒட்டும் இடத்துக்கு மிக அருகில் பிடிக்க வேண்டும். எங்கோ தள்ளிப் பிடித்தால் கரன்ட் சக்கர பேரிங் வழியாகவும் ஓடக்கூடும். பேரிங் பந்துகளில் பொட்டுப் பொட்டாகத் தீக்காயம் விழும்.

காற்றுத் துளை சின்ன விஷயம்போல் தெரியும். மேன்ஹோலை இறுக மூடிவிட்டுக் கீழிருந்து மோட்டாரால் தண்ணீரை இழுத்தால், உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளியே இருக்கும் காற்று ஒவ்வொரு சதுர மீட்டரையும் பத்து டன் வரை அழுத்தக் காத்திருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு போதும், புதுத் தொட்டி தகர டப்பாபோல் நசுங்கிவிடும். தண்ணீர் வெளியே தள்ளும்போது அத்தனை பலமாக நின்ற அதே உருளை, வெளியிலிருந்து அமுக்கினால் பலவீனம். ஆகவே எப்போதும் திறந்தே இருக்கும் காற்றுக்குழாய் ஒன்று, வலை கட்டி, கவிழ்த்து வளைத்து மேலே இருக்க வேண்டும். கழிவுநீர் உறிஞ்சும் லாரிகள் வெற்றிடத்தாலேயே வேலை செய்பவை. அவற்றின் தொட்டியைச் சுற்றி வளையங்கள் வைத்து விறைப்பாக்குவது இதற்காகத்தான். தண்ணீர்த் தொட்டியைக் கழிவுநீர் லாரியாக மாற்றிவிடலாம் என்று நினைக்கக் கூடாது.

குடிநீர் என்றால் உள்பூச்சு உயிர்ப்பிரச்சினை. சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமரையும் எனாமலையும் உள்ளே அடித்துக் குடிநீர் ஏற்றக் கூடாது. உணவுப் பொருளுக்கு ஏற்றது என்று சான்று பெற்ற எப்பாக்ஸி பூச்சுதான் அடிக்க வேண்டும். அதற்கு முன்பு துரு, எண்ணெய்ப் பிசுக்கு, தகடு ஆலையிலிருந்து வரும்போதே படிந்திருக்கும் கருஞ்சாம்பல் செதில், வெல்டிங் தெறிப்பு எல்லாவற்றையும் மணல் பீய்ச்சியோ கிரைண்டர் ஓட்டியோ எடுத்தாக வேண்டும். செதில்மேல் அடித்த பூச்சு செதிலோடு உரிந்து வரும். எவர்சில்வரில், அதாவது 304 ஸ்டீலில் செய்தால் பூச்சே வேண்டாம் என்பார்கள். நல்ல தண்ணீருக்கு அது உண்மை. ஆனால் உப்புக் கூடிய தண்ணீர் தங்கினால் 304லும் குண்டூசித் துளைகள் விழும். அதைவிட 316 தாங்கும், விலையும் கூடும். நாட்டின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கிறது. நீங்கள் ஏற்றப் போகும் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு, அதன்பிறகு உலோகத்தை முடிவு செய்யுங்கள். முன்பு அமிலமோ ரசாயனமோ ஏற்றிய பழைய தொட்டியை எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்குப் பயன்படுத்தாதீர்கள்.

பெட்ரோல், டீசல் தொட்டி தனி உலகம். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ எனப்படும் மத்திய பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் அதை யாரும் கட்டக் கூடாது, ஓட்டக் கூடாது. அந்த வண்டிகளின் பின்னால் டீசலுக்கு 1202, பெட்ரோலுக்கு 1203 என்று எண் எழுதியிருக்கும். உலகம் முழுவதும் தீயணைப்பு வீரர்கள் படிக்கும் எண் அது.

கட்டி முடித்த தொட்டியை எப்படிச் சோதிப்பது? எளிய, மலிவான, நம்பகமான முறை ஒன்று இருக்கிறது. பெயின்ட் அடிப்பதற்கு முன்பு, வெளிப்பக்க வெல்டிங் மீது சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிக் காயவிட வேண்டும். உள்ளிருந்து அதே இணைப்பில் மண்ணெண்ணெயைத் துணியால் தாராளமாகத் தடவ வேண்டும். மண்ணெண்ணெய் தண்ணீரைவிட எளிதாக நுழையும். கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளையிலும் புகுந்து வெளியே வந்து, வெள்ளைச் சுண்ணாம்பில் ஈரப் பொட்டாகத் தெரியும். அந்த இடத்தைக் குறித்து வைத்து, மண்ணெண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, உள்ளே காற்றோட்டம் கொடுத்து வாடை போன பிறகு, கிரைண்டரால் தோண்டிவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும். துளைமேல் ஒரு சொட்டு ராடு வைத்து மூடுவது வேலையாகாது. பிறகு தண்ணீர் முழுக்க நிரப்பி ஒரு நாள் நிறுத்திப் பார்க்க வேண்டும். காற்று நிரப்பிச் சோப்பு நுரை தடவிப் பார்ப்பதும் உண்டு. அதற்கு மிகமிகக் குறைந்த அழுத்தம் போதும். டயருக்கு அடிக்கும் கம்பிரசரைத் தொட்டியில் மாட்டிவிட்டு வேறு வேலைக்குப் போனால் தொட்டி வெடிகுண்டாகிவிடும். பாக்கிப் பணத்தைத் தண்ணீர் நிரப்பிய சோதனை முடிந்து, தண்ணீரோடு பத்துக் கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, யு போல்ட்டுகளை மறுபடி இறுக்கிய பிறகு கொடுங்கள். பெயின்ட் அடித்த தொட்டியைச் சோதனைக்குக் காட்டினால் ஏற்காதீர்கள். புது பெயின்ட் சிறு துளைகளைச் சில வாரங்கள் அடைத்து வைத்திருக்கும்.

கடைசியாக, தொட்டிக்குள் இறங்கும் ஆளைப் பற்றி. மூடிக் கிடந்த இரும்புத் தொட்டியில் துரு ஏறும்போது, உள்ளே இருக்கும் ஆக்சிஜனை அது தின்றுவிடும். பார்வைக்குக் காலியான, சுத்தமான தொட்டிதான். இறங்கியவர் நாலைந்து மூச்சில் சுருண்டு விழுவார். தூக்கப் போகிறவரும் விழுவார். உள்ளே சி.ஓ.2 வெல்டிங் போட்டாலும், எப்பாக்ஸி அடித்தாலும் இதே ஆபத்து வேறு வழியில் வரும். வியர்வையில் நனைந்த உடம்போடு நான்கு பக்கமும் இரும்புக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு வெல்டிங் மெஷினின் 70, 80 வோல்ட்டே உயிரை எடுக்கப் போதும். எனவே உள்ளே 24 வோல்ட் விளக்குதான் இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஃபேன் காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். புழுக்கமாக இருக்கிறதே என்று சிலிண்டர் ஆக்சிஜனைத் திறந்துவிடவே கூடாது. ஒரு பொறியில் உடுத்திய துணி முழுவதும் பற்றிக்கொள்ளும். எண்ணெய் ஏற்றிய பழைய தொட்டியை "காலியாத்தான இருக்கு" என்று ஒட்டப் போகக் கூடாது. திரவம் இருந்த தொட்டியைவிடத் திரவம் போய் ஆவி நிறைந்த தொட்டிதான் வெடிக்கும்.

உள்ளே ஒருவர் வேலை செய்யும்போதெல்லாம் மேன்ஹோல் வாயில் இன்னொருவர், கையில் கயிறோடு, வேறு எந்த வேலையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த இன்னொருவரின் கூலி கொட்டேஷனில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லிக் கொடுங்கள்.